நாலு கம்பமும் ஒரு நெட்டையனும்

சாத்தையாவைக் கொடுத்து
நாலு விளக்குக் கம்பமும்
ஆறடி நாலு அங்குலத்தில் ஓர் அடிகாரனையும்
தேவகோட்டையிடம் வாங்கினார் மில் முதலாளி.
கம்பம் ஏற்றிவந்த லாரிக்கு
எடைச்சீட்டு போட்டவன் நான்.
போனதற்குச் சீட்டில்லை.
எக்ஸெல் வண்டியில் போனான் அவன்,
முழங்கால் உறை இரண்டும்
ஹேண்டிலில் ஆட.

புதுவயலில் இதைப் பேசாத டீக்கடை இல்லை.
"பத்து வருசத்துல ஒரே ஒரு கோப்பை.
அதுவும் மழையில பாதி ஆட்டம்"
என்பான் வயிரவன்,
தவிட்டு லோடோடு அறந்தாங்கியில் நின்றாலும்
செட்டுக்கு ஒரு தரம் போன் போட்டு
புள்ளி கேட்கிறவன்.
"பொன்னமராவதி?" என்று
யாராவது ஆரம்பித்தால் போதும்,
பீர் முகமது கடையில்
கறி வெட்டும் சத்தம் நின்றுவிடும்.

ஐந்தாவது செட்.
நாங்கள் பதிமூன்று, அவர்கள் பதினாலு.
இடது ஓரத்தில் தடுக்க ஆளில்லாமல்
கையைத் தூக்கிக்கொண்டு நின்றான் மாரி.
சாத்தையா தலைக்குப் பின்னால் தூக்கினான்,
தோள் வீங்கியிருந்த அடைக்கலத்துக்கு.
வலையில் பட்ட பந்து
எங்கள் பக்கமே உருண்டு வந்தது,
பட்டிக்குத் திரும்பும் ஆடு மாதிரி.

நாலு வருசமாக
மாரிக்குக் கொடுத்திருந்தால், மாரிக்குக் கொடுத்திருந்தால்.

களத்தில் அவித்த நெல்லைக் கிண்டும்
சவரியம்மாள் மட்டும் வேறொன்று கேட்பாள்:
"கெட்ட பந்தெல்லாம் எங்க போச்சுன்னு
யோசிச்சீகளா?"

முதல் தொடுதல் எங்கே சிதறினாலும்,
உமிக் குவியலுக்கோ
நடுவர் நாற்காலிக்கு அடியிலோ,
ஓடிப்போய் விரல்நுனியில் வாங்கி
அடிக்கிறவன் கைக்கு நேரே
ஆறவைத்த கவளம்போல் வைப்பான்.
சத்தமே வராது.
விசில் அடித்தவனுக்கு.
என் ஸ்கோர் தாளிலும்
அடித்தவனுக்குக் கட்டம் உண்டு,
தடுத்தவனுக்கு உண்டு,
எடுத்துக் கொடுத்தவனுக்கு இல்லை.
பத்து வருசத் தாள்களைப் புரட்டினேன்.
அவன் பெயருக்கு எதிரே
பெரும்பாலும் வெள்ளை.

எங்கள் தொழிலில்
நிறைவண்டியை ஒரு தரம் எடைபோடுவோம்,
வெறும் வண்டியை ஒரு தரம்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
இந்தப் பருவம் முழுக்க
வெறும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நெட்டையன் நல்ல பையன்தான்,
குறை சொல்ல மாட்டேன்.
வந்த பந்தை அடிப்பான்.
வரவேண்டுமே.

நேற்று ராத்திரி தேவகோட்டை வந்தது.
மஞ்சள் பனியனில் சாத்தையா.
கைதட்டுவதா வேண்டாமா என்று
எல்லோரும் அடுத்தவன் கையைப் பார்த்தோம்.
ஈசல் மொய்த்த கம்பங்களை
அவன் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தான்.
"தன் விலையப் பாக்குறான்" என்றான் வயிரவன்.
"இல்லடா, பந்து வெளிச்சத்துல மறையுமான்னு பாக்குறான்"
என்றான் அடைக்கலம்.
கடலையை உடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்,
"அன்னைக்கு நான்தான் கண்ணால கேட்டேன்.
எனக்குக் குடுன்னு."
ஒருவரும் பேசவில்லை.
பீர் முகமது மட்டும்
அவன் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாவது செட்.
தூக்கப்போகிறவன்போல் எழும்பி
இடக்கையால் சும்மா ஒரு தட்டு.
கொதிகலன் தண்ணீர் கசிந்து
எப்போதும் ஈரமாய்க் கிடக்கும் எங்கள் மூலையில்
பந்து விழுந்தது.
வழுக்குமென்று அங்கே எங்கள் ஆட்கள்
பாய மாட்டார்கள்.
அது எங்களுக்குத் தெரியும்.
அவனுக்கும்.

முதல் விசில் சவரியம்மாள்.
பிறகு மொத்தக் களமும்.
புள்ளி யாருக்கு என்பது
அப்புறம்தான் உறைத்தது.

ஜெயித்தது நாங்கள்தான், மூன்றுக்கு இரண்டு,
கடைசி அடி நெட்டையனுடையது.
ஆனாலும் கண்டனூர் ரோடு வரைக்கும்
பேச்செல்லாம் அந்தத் தட்டு.

காலையில் எடைமேடையில் உட்கார்ந்து
சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.
நேற்று அதன்மேல் தாளை வைத்துத்தான்
புள்ளி எழுதியிருக்கிறேன்.
சாத்தையாவுக்குப் போட்ட கோடு
கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது போல.
கார்பன் தாண்டி
மூன்றாவது நகலிலும்
இருக்கிறது.