மாதிரிக் கையொப்பம்

ஐந்து லட்சம் வீதம் இரண்டு சரீரப் பிணை,
ஐம்பதாயிரம் காசு,
ஒவ்வொரு ஞாயிறும் பொலிசில் கையெழுத்து.
நீதவான் வாசித்து முடிக்க
மின்விசிறி ஒருக்கால் நின்றுபோய்ப்
பிறகு சுத்தத் தொடங்கியது.
சட்டத்தரணி உதுமாலெப்பை திரும்பி
வாயை மட்டும் அசைத்தார்:
ஆள் இருக்கா?

ஆள்.

சாம்பல்தீவுச் சந்தியில் ஒராள் இருந்தார்.
எங்கட பட்டாவில் ஐஸ்பெட்டி ஏத்தினவர்,
மூன்று மாத வாடகை இன்னும் தராதவர்.
காணி உறுதி வங்கியில கிடக்குது தங்கச்சி என்றார்,
நான் உறுதியைக் கேட்க முதலே.
பாலையூற்றில் இவருடைய ஒன்றுவிட்ட அக்கா.
அரச உத்தியோகம், சம்பளச் சிட்டை, எல்லாம் சரி.
கதவைத் திறந்த கையை
எடுக்காமலே கதைத்தா.
பிறகு தேத்தண்ணி தந்தா.
பொய் சொல்லக்கூடாது, நல்ல தேத்தண்ணி.

கடைசியில் கிண்ணியாப் பாலம் தாண்டி
டயர்க் கடை முபாறக் நானா.
கையிலிருந்த கிறீசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ஒங்கட மாப்புள எனக்கும் நாலு டயருக்குக் காசு தரணும்.
ஆள் உள்ளுக்க இருந்தா அது வருமா?"
அன்புக்கு வந்தவர் ஒருவருமில்லை.
கணக்குக்கு வந்தார் ஒருவர்.
மற்றது நான்.

நடந்தது இவ்வளவுதான்:
ஒரு பட்டா, ஒரே செசி இலக்கம்,
மூன்று லீசிங் கம்பனி, மூன்று புத்தகம்.
மூன்றையும் ஏமாத்தின வண்டி
இப்ப தம்புள்ளையில்
யாருக்கோ கறிமிளகாய் ஏத்துதாம்.
இருபத்துமூன்று நாள் விளக்கமறியல்.
சவர்க்காரம் கொண்டுபோன வெள்ளிக்கிழமை
வலைக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்,
பிள்ளை தேடினவளா?
ஓம் என்றேன்.
பிள்ளை தேடினது வண்டியை.

பதிவாளர் அறையில்
எழுதுவினைஞர் பிள்ளை கோவையைப் புரட்டினா.
உத்தரவாதமளிப்பவர் என்ற இடத்தில்
யோகவதனி.
என்ர பேர், என்ர அடையாள அட்டை இலக்கம்,
நான் போடாத என்ர கையெழுத்து.

ஒற்றைக்கொம்பும் காலும் சரியாய் நிற்க
யோ எவ்வளவு வடிவு!
எனக்கு எப்பவும் வ-வில் பேனை தடக்கும்,
த தலைசாயும்,
னி-யின் சுழி பாதியில் களைத்துப்போகும்.
இவர் எல்லாத்தையும் நேராக்கி இருந்தார்.
எத்தனை இரவு பழகியிருப்பார்,
பிள்ளையின்ர பழைய கொப்பியில்,
நான் நித்திரையாய்க் கிடக்க?
பதினொரு வருசத்தில்
ஒருத்தரும் என்னை
இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"வழமையாப் போடுற மாதிரிப் போடுங்கோ அக்கா."

எந்த வழமை?
என்ர கையெழுத்தைப் போட்டால்
இவர் வெளியே வருவார்,
அடுத்த தவணைக்கு யாரோ இரண்டு தாளையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான்.
இவர் போட்டதைப் பார்த்துப் போட்டால்
கடன் என்ர தலையில்.
அதுவும் எனக்கு அவ்வளவு வடிவாய் வராது.

பேனை தடக்கியது, வ-வில்.
மை ஒரு புள்ளியாய் ஊறி நின்றது.
த சாய்ந்தது.
அந்தப் பிள்ளை ஒன்றும் பாராமல்
முத்திரையை ஊதி ஊதிக் குத்தினா.

நாலு மணிக்கு முதல்
கட்டளை மறியலுக்குப் போய்ச் சேரவேணும்.
வெளியில் போட்டோக்கொப்பிக் கடை வாசலில்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
யாரோ கசக்கிப்போட்ட தாளை மென்றபடி
ஓட்டோவுக்குக் குறுக்கே நின்றது.
சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை.
முபாறக் நானா அடையாள அட்டையைச்
சேட்டுப் பையில் வைத்துப்
பொத்தானைப் பூட்டினார்,
பூட்டினதைத் தட்டிப் பார்த்தார்.