முதல் வாரம், செவ்வாய்

இரண்டு வருடம் இந்த வகுப்பறையில்
ஒருநாளும் விடுப்பெடுக்காதவை கோழிகள்தான்.
வாடகை வாங்கியதைத் தலைமையாசிரியர் மறைக்கவில்லை.
சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்தும்
மழை பெய்தால் சுவரில் அதே வாடை.

நானும் அப்போது ஆசிரியை இல்லை.
கசேசே சந்தையில் தக்காளியைக் கூறுபோட்டு விற்றேன்.
திரும்பி வந்து சாக்பீஸை எடுத்த கை
அமுக்கிப் பதம் பார்த்தது.

கதவில் மூன்றாம் வகுப்பு.
வந்தவர்களின் முழங்கால்கள்
மேசைக்கு அடியில் நுழைய மறுத்தன.
உடம்புக்கு யாரும் விடுமுறை விடவில்லை.

கபுகோ ஆற்றுமணல் சுமந்தவள்.
ஐந்தாயிரம் ஷில்லிங் தாளுக்கு மீதிச் சில்லறையை
நான் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.
பலகையில் 3 எழுதினால்
கொக்கியா டீச்சர், என்கிறாள்.

பன்னிரண்டு வாரத்தில் விட்டதைப் பிடிக்கவும் என்று
அலுவலகத்திலிருந்து கடிதம்.
விட்டது என்ன, பேருந்தா?

ருவென்சோரி மலையடியில் எங்கள் வீடுகளில்
பெயரே வரிசை எண்.
முதல் மகள் மசிகா, அடுத்தவள் பீரா,
மூன்றாமவள் கபுகோ.
கொக்கியைத் தொட்டுக் காட்டினேன்:
இது நீதான்.
எழுந்து வந்து
அதன் மேல் விரலால் ஒருமுறை நடந்தாள்.

அவ்வளவுதான், வகுப்பே பலகைக்கு வந்துவிட்டது.
என்னுடையது எது, என்னுடையது எது?
இரண்டு கபுகோக்களுக்கு ஒரே 3 போதாமல்
தள்ளுமுள்ளு.
எனக்கும் எண் கேட்டார்கள்.
நான் இதுங்கு, ஐந்தாமவள்.
5இன் தொப்பையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ப்வாம்பலே மட்டும் எழவில்லை.
இரண்டாவது பையன்.
மூத்தவன் மும்பெரேயை,
ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு வந்த இரவில்
வெள்ளம் கொண்டுபோனது.

இப்போது நான் ஒன்றா, டீச்சர்?

பாடத்திட்டத்தில் கழித்தல்
ஆறாவது வாரம்.

நீ இரண்டுதான், என்றேன்.
சரியான விடையா, தெரியாது.
எந்தப் பயிற்சி முகாமிலும்
இதைச் சொல்லித் தரவில்லை.

அவன் நோட்டைத் திறந்தான்.
1 எழுதினான்.
வெகுநேரம் கழித்து, அதை ஒட்டியே,
2.

பின்வரிசையிலிருந்து பீரா,
நான்கு நாளாக வாய் திறக்காதவள்,
அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
பன்னிரண்டு, என்றாள் உரக்க.

பிழையில்லாமல் படித்தாள்.
இந்த அறையில் எழுத்தாய்ப் பார்த்து
ஒருவர் சொன்ன முதல் எண்.
ப்வாம்பலே நோட்டை மூடிவிட்டான்.

யார் பக்கம் முதலில் திரும்புவதென்று
சாக்பீஸோடு நின்றேன்.