ஆறாவது கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து
ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கின.
எண்ணூரில் எங்கள் எல்லைக்குள் லைசென்ஸ் பதினேழு.
நான் ரைட்டர்.
பெயர், அப்பா பெயர், கதவு எண், துப்பாக்கியின் வகை,
ஆறாவது கட்டத்தில்: போர்.

போர் என்றால் எனக்கு வைக்கோல்.
போர் என்றால் எங்கள் சந்தில்
சாம்பல் நாற்றத்தோடு தண்ணீர் துப்பும் குழாய்.
இந்தப் பதிவேட்டில் மட்டும்
குழலின் வாய் எத்தனை அகலம் என்று அர்த்தம்.

அடகுக்கடை பாரஸ்மல் கொண்டுவந்தது பன்னிரண்டு.
ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டாக உருட்டினால்
ஓர் உருண்டை நுழையும் வாயாம்.
"இருபதுன்னா இன்னும் சின்னது, மேடம்."
எண் ஏற ஏற ஓட்டை சிறுக்கும்.
வட்டிக்காரர் சொன்னதால் இரண்டு தடவை யோசித்து எழுதினேன்.

பேங்க் காவலாளி மரியசூசையின் ரைஃபிள் முந்நூற்றுப் பதினைந்து.
எங்கள் சுவரில் சங்கிலி போட்டு நிற்பது
முந்நூற்று மூன்று.
அது சர்க்காருடையது, பொதுமக்களுக்குக் கூடாது;
அதைவிட ஒரு நூல் பெரியது கூடும்.
ஏன் என்று பயிற்சியில் கேட்டேன்.
உங்கள் தோட்டா அவர்கள் குழலில் பொருந்தக் கூடாதம்மா,
அவ்வளவுதான் என்றார்கள்.
பன்றியை உத்தேசித்து யாரும்
எதையும் அளந்ததாகத் தெரியவில்லை.

தேசிங்கு கடைசியாக வந்தான்.
கத்திவாக்கத்தில் வீடு, காட்டூரில் குத்தகை நெல்.
பயிர்க்காவலுக்கென்று அவன் அப்பா காலத்து லைசென்ஸ்,
வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி.
ஆறாவது கட்டத்தில் அன்றைக்கே யாரோ கோடு இழுத்திருந்தார்கள்.
காலியாக விடாதே, அளந்து எழுது என்றார் இன்ஸ்பெக்டர்.
ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பேனா மூடி தொளதொளத்தது.
சுண்டுவிரலை விட்டேன், முதல் கணு வரை போயிற்று.
"அதுல வுடாத மேடம், மாட்டிக்கும்."

எடுத்த பிறகு, அவனாகவே சொன்னான்:
"வாய் பெருசா இருந்தா பன்னி நின்ன எடத்துல வுழும்.
சின்னதா இருந்தா ஓடிரும்.
முள்ளுக்குள்ள பூந்துக்கினு மூணு ராத்திரி கத்தும்."
பிறகு என் சட்டையைப் பார்த்தான்.
"நான் சுட்டதில்ல மேடம். சத்தம் மட்டும்தான் வுடுவேன்."
சத்தம் என்று எழுதக் கட்டம் இல்லை.
கத்தல் என்று எழுதவும்.

போன மாதம் எங்கள் குவார்ட்டர்ஸ் மதிலோரம்
ஒரு மடையான் உட்கார்ந்திருந்தது.
பறக்கவில்லை. சிறகு வெள்ளையில் ஒரு புள்ளி,
மிளகைவிடச் சின்னது.
நெத்திலி வைத்தேன், தொடவில்லை.
நான்கு நாள் என் ஸ்கூட்டருக்கு அடியிலேயே இருந்தது,
ஹார்ன் அடித்தால் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு.

சுட்டது ஏர்கன். அந்த அளவுக்கு லைசென்ஸ் தேவையில்லை.
சுட்டவன் என் மகன்.
பத்தாவது பாஸானதற்கு வாங்கிக் கொடுத்தது நான்,
பில்லோடு, வரி கட்டி.

அளக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால்
அளக்கட்டும் என்றுதான் சொல்வேன்,
சம்பளம் அதற்குத்தானே.
ஆனால் நாங்கள் அளப்பது இரும்பில் இருக்கும் துளையை.
பெரியதைப் பார்த்துப் பயந்து
சின்னதைப் போகவிட்டோம்.
சின்னதுதான் நான்கு நாள் எடுத்துக்கொண்டது.

தேசிங்கின் கட்டத்தில் "சுண்டுவிரல்" என்றே எழுதினேன்.
இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டு
"தோராயமாக" என்று ஏதோ எண் போட்டார்.

அன்று சாயங்காலம் பதினெட்டாவது வரி எழுதினேன்.
மகன் பெயர். அப்பா பெயர். என் கதவு எண்.
"இதுக்கு லைசென்ஸே கிடையாதே" என்று சிரித்தார்கள்.
அறையில் வைத்துப் பூட்டினேன்.

எண்ணிக்கை முடிந்து பதினேழு பேரும்
கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்கள்.
மகன் தினம் கேட்கிறான், எப்போ தருவே என்று.
சட்டப்படி நான் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.