துளைக் காசு

புதுக்குடியிருப்புக் கிளையில் அடகுப் பகுதி எனக்கு.
பவுனுக்கு மட்டும்தான் கடன் கொடுப்போம்.
வெள்ளி வந்தால்
கண்ணாடிக்கு அடியால் திருப்பித் தள்ளவேண்டும்.
தள்ளியதில் சிலதை
நாலரைக்குப் பிறகு, வெளியே,
தேத்தண்ணிக் கடை வாசலில்
என் சம்பளத்தில் வாங்கியிருக்கிறேன்.
ஓட்டை விழுந்ததை மட்டும்.

வவுனியாவில் ஹனீபா சிரிப்பார்:
"முழுசு வாங்குங்கோ மிஸ், விலை ஏறும்.
இது உருக்கத்தான்."
உருக்கும் விலைக்கே எனக்குத் தருவார்,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி.

பால்மா ரின்னில் நாற்பத்தொன்று கிடக்கிறது.
கொப்பியில் கோடு கீறி எழுதியிருக்கிறேன்:
ஆண்டு, எடை, துளை எங்கே, எதால்.
ஜோர்ஜின் கழுத்தில் ஆணி. பின்னாலிருந்து அடித்தது,
பிசிர் இன்னும் விரலைக் கீறும்.
எட்வேட்டின் மொட்டைக்கு மேலே வட்டமாய், சுத்தமாய்.
தட்டார் கை.
ஒன்றில் துளை தாடிக்குக் கீழே:
கோத்துக் கட்டினால் மன்னர் தலைகீழாய்த் தொங்குவார்,
முதுகுப்பக்கத்துத் தாளிப்பனையும்
வேர் மேலே வர.
தெரியாமல் செய்தார்களா, தெரிந்தேதானா,
அதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.
இரண்டு துளை உள்ளது சட்டைப் பொத்தான்.
ஒன்றில் பல் பதிந்திருக்கிறது,
வெள்ளியா என்று கடித்ததோ
பல் முளைக்கிற தினவோ.

துளை விழுந்த நிமிடத்தோடு அது காசில்லை.
சந்தைக்குப் போகாது, சீட்டுக்குப் போகாது.
கையிலிருந்த ஐம்பது சதத்தை
இனி எந்தப் பஞ்சத்துக்கும் மாற்றுவதில்லை என்று
யாரோ முடிவெடுத்த இடம்
அந்த ஓட்டை.

போன மாசியில்
ஹெல்மெற்றை முழங்கையில் கொழுவியபடி ஒருத்தி.
தவநங்கை, விசுவமடு.
அடகு வைக்க வரவில்லை.
"நீங்கள் ஓட்டைக் காசு சேர்க்கிறீங்களாம்.
அண்ணாவின்ர அரைஞாண் காசு.
எழுத்தெல்லாம் தேஞ்சு, ஓட்டை காதுக்கு நேர.
வட்டுவாகல் கடக்கேக்க
அம்மாவின்ர மடியிலயிருந்து விழுந்தது."

ரின்னைக் கவிழ்த்தேன். மேசை முழுக்க மன்னர்கள்.
ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குப் பிடித்து
துளையை மட்டும் பார்த்தாள்,
முகங்களைப் பார்க்கவில்லை.
"இல்லை."
பிறகு முப்பத்தேழாவதைத் தனியே நகர்த்தி,
"ஆணி எண்டு எழுதியிருக்கிறீங்கள்."
ஓம்.
"ஆணி குத்தும், மிஸ். கிழிக்காது.
விளிம்பைப் பாருங்கோ."
வேறொன்றும் சொல்லவில்லை.

தேத்தண்ணி குடித்தாள், சீனி இல்லாமல்.
பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று பட்டது.
"மற்றவையின்ர பிள்ளையின்ர காசை
நான் என்ன செய்யிறது?"
மோட்டார்சைக்கிள் முதல் உதையில் எழும்பவில்லை.
இரண்டாவதில் போனாள்.

அன்றிரவு முப்பத்தேழுக்கு நேரே
'ஆணி' என்பதை அழித்தேன்.
அழிறப்பர் தாளையும் கொஞ்சம் தின்றுவிட்டது.
புதிதாய் எதுவும் எழுதவில்லை.

நேற்று ஹனீபா எடுத்தார்.
மூன்று வந்திருக்கிறதாம், எல்லாம் ஓட்டை.
எங்கே கிடந்தவை என்று கேட்டேன்.
எடையைச் சொன்னார்.