பாதிக் கடல்

இருபத்தாறு வருடம்
கப்பல்கள் மூழ்கியதற்குக் கணக்கெழுதினேன்,
ஹார்லிங்கன் துறைமுகத்துக் காப்பீட்டு அலுவலகத்தில்.
ஜன்னலைத் திறந்தால் கடல். நான் திறந்ததில்லை.
கடல் எனக்குக் காகிதமாகத்தான் வந்தது:
என்ன சரக்கு, எத்தனை பீப்பாய்,
யார் கையொப்பம்.

செப்புத் தகட்டில் அச்சடித்த கடல்களை
நான் சேர்க்கத் தொடங்கியதில்
வியப்பே இல்லை என்பாள் தங்கை ஃபூக்யா.
"உனக்கு நனைக்காத தண்ணீர்தான் பிடிக்கும்."

அவள் சொல்வது சரி.
தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி,
அமிலத்தில் இறக்குவார்கள்.
கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும்.
நெடுநேரம் தின்றால் புயல்.
சற்று முன்னே எடுத்துவிட்டால் விடியல்.
முந்நூறு வருடம் கழித்தும்
விரல் வைத்தால் மை லேசாக மேடுதட்டும்,
அலையின் முதுகு.

என்னிடம் நாற்பத்தொன்று இருந்தன.
மீன்பிடித் தோணிகள், தரைதட்டிய ஒன்று,
பாயைச் சுருட்டும் பையன்கள்,
பின்புறத்தில் ஒரு மாலுமியின் பெயரைப் பென்சிலால் எழுதி
யாரோ அழுத்தி அழித்த தாள்.

நாற்பத்திரண்டாவது, பாதி.

பழைய புத்தகக்காரன் எவனோ
சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று
நடுவே கத்தரித்திருக்கிறான்.
எனக்கு வந்தது இடப்பக்கம்:
கரை, வலை உலர்த்தும் கழிகள், ஒரு நாய்.
கம்பத்தில் கட்டிய ஆலாத்து
அலைமேல் தொய்ந்து ஓடி
வெட்டு விளிம்பில் முடியும்.
அங்கே ஒரு கடற்காகம்,
கத்தரிக்குத் தப்பியது மயிரிழையில்.
நாய் கயிறு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கப்பல் பிரேமனில் இருந்தது,
பல் மருத்துவர் டெட்லெஃப் ஓஸ்டர்காம்பிடம்.
தொலைபேசியில் ஏலம் கேட்டுத் தோற்ற தாள்;
கண்ணால் பார்த்ததில்லை.
அவர் முதுகைத்தான் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன்.
நான் கை தூக்கினால் அவரும் தூக்குவார்.
"விற்பீர்களா?" என்று அட்டை எழுதினேன்.
"நீங்கள்?" என்று பதில் வந்தது.
அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே ஒற்றைச் சொல்.
தபால்தலை மட்டும் விலை ஏறியது.

ஒரு பிப்ரவரியில் அவரே எழுதினார்:
"விற்க வேண்டாம்.
ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்ப்போம்."

நடுவழியில் லேயர். நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை.
கோப்பைக்குள் கல்கண்டு
சூடு பட்டு விரிசல்விடும் சத்தம்.
இருவரும் கோட்டைக் கழற்றவில்லை.
அவர் எழுந்துபோய்க் கைகழுவி வந்தார்,
பல் பிடுங்கப் போகிறவர்போல.
நானும் போய்க் கழுவினேன்.

மேசைமேல் என் கரை.
அதனருகே மெல்ல நகர்த்தினார் தன் கப்பலை.
அணியம், மூன்று கூம்பு, அமரத்தில் ஒரு விளக்கு.
கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு.
விளிம்போடு விளிம்பு.

பொருந்தவில்லை.

என் ஓரத்தில் ஒரு கடற்காகம்.
அவர் ஓரத்திலும் அதே கடற்காகம்,
அதே சாய்ந்த இறக்கை.
என்னுடையது வெளிறல். அவருடையது கரி.
பூதக்கண்ணாடியை அவர் எடுத்தார், பிறகு நான்,
பிறகு மறுபடி அவர்.
ஒரே தகடு. இரண்டு தாள்.
தகடு இளமையாயிருந்தபோது அச்சானது அவர் கப்பல்.
என் கடலோ
மை பூசித் துடைத்துப் பூசித் துடைத்துத்
தேய்ந்துபோன கோடுகளில் பிந்தி வந்தது.
இத்தனை காலமும் என் நாய்
பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கப்பலை அல்ல.

கணக்கெழுதியவள் அல்லவா, உடனே கூட்டினேன்:
எங்கோ இன்னொரு கப்பல் இருக்கிறது, வெளிறியது.
எங்கோ இன்னொரு கரை, கறுத்தது.
இரண்டு கத்தரிகள்.
இரண்டு அவசரக்காரர்கள்.

ஓஸ்டர்காம்ப் சிரித்தார்.
அவர் பற்களை அன்றுதான் பார்க்கிறேன்; முன்பல் கோணல்.
"உங்கள் கப்பல் என் கண்ணில் பட்டால்..." என்று ஆரம்பித்தார்.
"எனக்குச் சொல்ல மாட்டீர்கள்" என்றேன்.
யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றார்.
"நானும்."

தேநீர்க் காசை அவரவர் கொடுத்தோம்.

மேற்கே திரும்பும் ரயிலில்
மடியில் அட்டைப்பெட்டி, அதற்குள்
கயிற்றின் நுனியைப் பார்த்தபடி நாய்.
என்ன தோன்றியதோ,
ஜன்னலின் மேற்பலகையைச் சற்றுத் திறந்தேன்.
உப்பு வாசம்.
உடனே மூடினேன்.
தாளுக்கு ஈரம் ஆகாது.