பள்ளிவாசல் விளக்கு வரை

மூடணும் என்பான் தனபாலன்.
வண்டியை நிறுத்தினால் முதல் வேலை அதுதான்:
இடது முழங்காலுக்குக் கீழே கைவிட்டு
கட்டைவிரல் நீளக் கம்பியைப் பக்கவாட்டில் திருப்பணும்.
ஊசி தேய்ந்த கார்புரேட்டர்,
நீ தூங்கும்போது அது தூங்காது,
சொட்டும்.

வேண்டாம் என்பேன் நான்.
திருப்பித் திருப்பியே உள்ளே இருக்கிற ரப்பர் செத்துப்போகும்.
அதோடு
மூடியதைத் திறக்க யாருக்கு ஞாபகம் இருக்கிறது,
காலை ஏழு மணிக்கு,
ஒரு கையில் ஹெல்மெட், வாயில் ரொட்டி?

ஜெலுத்தோங்கில் ஐந்தாம் மாடி.
இரண்டு பேருக்கு ஒரு கப்சாய்.
அவனுக்கு இரவு வேலை, பாயான் லெப்பாஸ்.
எனக்குப் பகல், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
ஆறரைக்கு அவன் ஏறி வருவான், ஏழுக்கு நான் இறங்குவேன்.
சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டுக்கொள்வோம்.
சாவி கைமாறும். சூடாயிருக்கும்.

மூடிய குழாயோடும் கொஞ்ச தூரம் ஓடும் வண்டி.
மிதவைக் கிண்ணத்தில் நிற்கிற எண்ணெய்,
ஒரு வாய்க் காப்பி அளவு.
அது தீருமிடம் எனக்கு அத்துப்படி:
பள்ளிவாசல் சமிக்ஞை விளக்கு.
முதலில் ஓர் இருமல். அப்புறம் கெஞ்சல்.
அப்புறம் ஒன்றுமில்லை.
பின்னால் லாரி ஹாரன் அடிக்க
மழையில் குனிந்து திருப்புவேன், அவனைத் திட்டிக்கொண்டே.
அன்று மாலை வேண்டுமென்றே
திறந்து போட்டுவிட்டு மாடியேறுவேன்.

ஞாயிறானால் கீழ்வீட்டு மக்சிக் ஜைத்தூன்
சன்னலைத் திறந்து மூக்கைப் பிடித்துக் காட்டுவார்.
சிமெண்டில் ஏழு நிறத்தில் ஒரு கறை,
அதைச் சுற்றி நடக்கும் அவர் பூனை.
தனபாலன் என்னைப் பார்ப்பான்.
நான் பூனையைப் பார்ப்பேன்.

பட்டறை ஆ குவானிடம் கேட்டோம், யார் சொல்வது சரி.
ஊசியை மாற்று, பதினெட்டு வெள்ளி, என்றான்.
மாற்றவில்லை.
மாற்றிவிட்டால் அப்புறம் எதைப் பேசுவோம்.

போன புதன் காலை
குழாய் மூடியும் இல்லை, எப்போதும்போல் திறந்தும் இல்லை.
கம்பி மேலே பார்த்தது.
ரிசர்வ்.

முதல்நாள் மாலைதான் டாங்கியை நிறைத்திருந்தேன்.
வேலைக்கு அவன் போய்வர
முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.
சனிக்கிழமைக்கு முன்னால் ரிசர்வ் வர வழியே இல்லை.
தீவை இரண்டு முறை சுற்றிய எண்ணெய் அது.
கூடையில் சோற்று டப்பா.
கேண்டீனில் கழுவித்தான் எடுத்து வருவான்.
கழுவவில்லை. மூடியில் மணல்.

பாலிக் பூலாவ் வளைவுகள், தெலுக் பகாங் இருட்டு,
எங்கோ அலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.
ஒரு லைனையே மூடிவிட்டார்களாம் என்று
போர்வை மடிக்கும்போது யாரோ சொன்னது
அப்போதுதான் என் காதில் விழுந்தது.
மாடியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்,
தொழிற்சாலை அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றாமல்.
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
வியாழனும் ரிசர்வ்.

இன்று வரும் வழியில் டாங்கியை நிறைத்தேன்.
நிறுத்தினேன். குனிந்தேன். மூடினேன்.
ஆறு வருடத்தில் முதல் தடவை.
கம்பி கொஞ்சம் முரண்டு பிடித்தது.

நான் விட்டுவைத்த வண்டியில்
குழாயை அவன் பார்ப்பதே இல்லை.
திறந்துதான் கிடக்கும் என்று தெரியும்.
ஆறு மணிக்கு, அட்டை நேராக இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினான்.
ஓர் உதை. இன்னோர் உதை. பிடித்துக்கொண்டது.

எங்கள் சன்னலிலிருந்து அந்த விளக்கு தெரியும்.
எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது
இங்கிருந்து தெரியாது.

சிவப்பு.
பச்சை.
எல்லா வண்டியும் நகர்கிறது, ஒன்றைத் தவிர.
குனிகிறான்.
கை அங்கேயே இருக்கிறது
மறுபடி சிவப்பு விழும்வரை.