எடைமேடை

தாழையூத்து தாண்டி பைபாஸ் ஓரம்
அறுபது டன் எடைமேடையில் எனக்கு வேலை.
சுண்ணாம்புக்கல் லாரி ஏறும், நிற்கும், சிவப்பில் எண் வரும்.
பாரத்தோடு எவ்வளவு, வெறும் வண்டி எவ்வளவு,
கழித்துச் சீட்டு அடிக்கணும்.

"ஏம்மா, நல்லா உடம்பு வச்சிட்டியே,
கல்யாணம் ஆயிட்டாக்கும்?"
கோமதிநாயகம் அண்ணாச்சி, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி.
இல்லை அண்ணாச்சி, மாத்திரை
என்று சொல்லவில்லை.
சீட்டை நீட்டினேன்.

ஐம்பத்தேழு இருந்தேன்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது,
பத்து மில்லிகிராம், ராத்திரி ஒன்று.
ஒன்றரை வருசத்தில் எண்பத்திரண்டு.
"பசிக்கும், பாத்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா.
பசி என்றா சொன்னார் அதை?
தின்ற சொதி நாக்கைவிட்டுப் போகும் முன்னே
அடுப்படியில் நிற்பேன், விளக்குப் போடாமல்,
பானைக்குள் முழங்கை வரை.
காலையில் மதினி பிள்ளைகளின் முறுக்கு டப்பாவைப் பார்ப்பாள்.
என்னைப் பார்க்க மாட்டாள்.

ஜெபமணியக்கா பக்கத் தையலை ரெண்டு தடவை பிரித்துவிட்டாள்.
மூணாவது தடவை
"பிரிக்க இனி துணி இல்லட்டி" என்று
கக்கத்தில் வேற நிறத் துண்டு வைத்துத் தைத்தாள்.
காசு வாங்கவில்லை.
அதற்குத்தான் அழுதேன்.

ஐப்பசியில் பதினோரு நாள்
மாத்திரையைச் செம்பருத்தி மூட்டில் போட்டேன்.
மூணு கிலோ இறங்கிற்று.
கண்ணாடியில் கன்ன எலும்பு, பழைய ஆள்.
பன்னிரண்டாம் நாள் மழைக்குள் நின்ற லாரி ஒன்று
ஹாரனில் என்னைக் கூப்பிட்டது: ஆவுடை, ஆவுடை.
பின்னால் நின்றவையும் கூப்பிட்டன.
அப்பா செத்தது உன்னால்தான் என்றன.
சிவப்பு எண்கள் எனக்கு மட்டும் வந்த கடிதம்.
மதினிதான் ஆட்டோ பிடித்தாள்,
ஒரு கையில் என் கை, ஒரு கையில் மாத்திரை அட்டை,
பாளையங்கோட்டை வரை ஒன்றையும் விடவில்லை.

இன்று ஒன்பதரைக்கு, வண்டி வராத நேரம்,
மேடையில் நானே ஏறி நின்றேன்.
செருப்பைக் கழற்றினேன், எதுக்கென்று தெரியவில்லை.
இருபது இருபது கிலோவாகத்தான் இதற்கு எண்ண வரும்.
ஜன்னல் வழியே பார்த்தேன்: எண்பது.
பழைய ஆள் நின்றிருந்தால் அறுபது.
லாரிக்காரனுக்கு அந்த வித்தியாசம்
ஸ்டெப்னி டயரில் ஒட்டின சேறு.
பத்து மில்லிகிராம் ஒன்று இருப்பதே
இதற்குத் தெரியாது.

கங்கைகொண்டான் பக்கமிருந்து வெளிச்சம் திரும்பி
முகத்தில் அடித்தது. ஹாரன்.
வெறும் ஹாரன்.
வாறேன், வாறேன்,
ஒத்தைச் செருப்பைக் காணோம்,
பசிக்கிறது.